குடத்துக்காரரைக் கேட்காமல்

மாடி போர்ஷன் பார்க்க வந்தவங்கதானே? உங்க வீட்டுக்காரர் சாவி வாங்கப் போயிருக்காரா? அப்போ வெயில்ல நிக்காதீங்க, இப்படி டேங்க் நிழலுக்கு வாங்க. ஓனர் அம்மா சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்க அரை மணி ஆகும். எங்கே வச்சோம்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது.

வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேட்டிருப்பீங்க. காத்து வருமா, கொசு உண்டான்னு கேட்டிருப்பீங்க. தண்ணி எப்படின்னு கேட்டீங்களா? கேக்கல. முகத்துலயே தெரியுது. குடி வந்து மூணாம் நாள்தான் எல்லாரும் கேப்பாங்க. யார்கிட்ட கேப்பாங்க? என்கிட்டதான். தெய்வானைன்னு கேட்டா இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. லாரி தெய்வானைன்னு கேளுங்க, வீட்டுக்கே கூட்டிட்டு வந்து விடுவாங்க.

முப்பத்திரண்டு வீடு. உங்க மாடி புதுசாக் கட்டினது, அதையும் சேர்த்தா முப்பத்திமூணு. குழாய் இருக்கு, தண்ணி வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வந்து இந்தக் கறுப்பு டேங்கை நிரப்பிட்டுப் போகும். நாம குடத்துல பிடிச்சுக்கணும். பத்தொன்பது வருஷம் இந்தத் தண்ணியை நான்தான் பார்த்துக்கிட்டேன். யாரும் என்னைப் போடல. நானும் யாரையும் கேக்கல. முதல் லாரி வந்த அன்னைக்கு ஒரே அடிதடி, ஒருத்தர் முடி ஒருத்தர் கையில. நான் ஒரு சத்தம் போட்டேன். அத்தனை பேரும் அப்படியே நின்னுட்டாங்க. அவ்வளவுதான். அன்னையிலிருந்து நான்.

இங்க ஆள் வரிசையில நிக்க மாட்டாங்க, குடம்தான் நிக்கும். காலையில குடத்தை வச்சிட்டு வேலைக்குப் போயிடுவாங்க. லாரி வர மதியம் ரெண்டு ஆகும். அதுவரைக்கும் அந்தக் குடம்தான் அந்த ஆள். லாரி வந்ததும், பின்னால இருக்கற குடத்துக்காரங்க முன்னால இருக்கற குடத்துக்கும் சேர்த்துப் பிடிச்சு ஓரமா வச்சிடணும். அதனாலதான் வீட்டுக்கு ஒரு கலர் பெயிண்ட். எங்க வீடு பச்சை. நீங்க வேற ஏதாவது பார்த்து அடிச்சுக்கோங்க. ஆரஞ்சு காலியா இருக்கு.

அந்த லைட் கம்பம் தெரியுதா? கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்தா வரிசை. அந்தப் பக்கம் இருந்தா அது வெறும் குடம். யாராவது வாய் நீட்டினா, குடத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிடுவேன். எனக்கு யார் மேலயும் விரோதம் கிடையாதுங்க. நாலு நாளோ ஆறு நாளோ அந்தப் பக்கம் நின்னா குடம் தானா மரியாதை கத்துக்கும். ஒரு ஏழைத் தெருவை வேற எப்படி நடத்தறது, சொல்லுங்க?

எல்லாம் நல்லாத்தான் போச்சு. பிலோமினா வர்ற வரைக்கும்.

பிலோமினா அந்த மூணாவது வீடு. ஹைகோர்ட்டுக்கு எதிர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கறா. அப்பாவும் அவளும் மட்டும்தான். அப்பா சூசைநாதன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சவர். ஜன்னலோரம் கட்டில்லயே கிடப்பார், தெருவைப் பார்த்துக்கிட்டு. நல்ல மனுஷன். பொண்ணுதான் அப்படி. சத்தம் போட்டுப் பேச மாட்டா. சத்தம் போடறவங்களைச் சமாளிச்சுடலாம்ங்க, நம்ம கிட்டயும் தொண்டை இருக்கு. மெதுவாப் பேசறவங்களை என்ன பண்றது?

குடி வந்த ரெண்டாவது மாசமே கேட்டா. "அக்கா, எல்லாருக்கும் நாலு குடம். உங்களுக்கு மட்டும் ஏன் ஆறு?"

கேள்வி கேட்டதுக்காக நான் கோவப்படல. அதை நல்லாக் கேட்டுக்கோங்க. தனியா வந்து கேட்டிருந்தா தனியாச் சொல்லியிருப்பேன். நாலு பேர் முன்னால கேட்டா பாருங்க, அதுக்குத்தான். அவ நாலு நீலக் குடமும் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போச்சு. பதினோரு நாள்.

கேன் தண்ணி வாங்கினாளாம். அப்பாவை ஈரத்துணியால துடைச்சு விட்டாளாம். எதிர்வீட்டு ரஹமத், தையல் மெஷின் வச்சிருக்காளே, அவ பக்கெட்டுல துணி போட்டு மூடி தினம் அரைக் குடம் கொண்டு போய்க் கொடுத்தாளாம். எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா அவ குடமும் அந்தப் பக்கம் போயிருக்கும். எல்லாருக்கும் ஒரே நீதிதான் என்கிட்ட.

பன்னிரண்டாம் நாள் வர்றா என் வீட்டுக்கு. சண்டைக்குத்தான் வர்றான்னு முந்தானையைச் செருகிக்கிட்டு நின்னேன். கையில ஒரு பேப்பர்.

"அக்கா, இவ்வளவு வருஷமா நீங்க நடத்தறதை யாரும் எழுதி வைக்கவே இல்லையே."

"எதுக்கு எழுதணும்? எல்லாம் என் மண்டையில இருக்கு."

"நாளைக்கு நீங்க ஊருக்குப் போனா? எழுதி டேங்க்ல மாட்டிட்டா, நீங்க இல்லாதப்பவும் உங்க ஒழுங்கு நடக்கும் இல்ல?"

உங்க ஒழுங்கு. கேட்டீங்களா வார்த்தையை? வாங்கிப் பார்த்தேன். அழகா டைப் அடிச்சிருந்தா. அஞ்சு வரி. நான் கடைசி வரியை முதல்ல படிச்சேன். "மேற்கண்டவை அனைத்தும் திருமதி தெய்வானை அம்மாள் அவர்களின் மேற்பார்வையில் நடைபெறும்." திருமதியாம். அம்மாளாம். ரேஷன் கார்டுல கூட என் பேருக்கு முன்னால யாரும் திருமதி போட்டதில்லைங்க.

அப்புறம் மேலே இருந்து வந்தேன். ஒண்ணு, வீட்டுக்கு நாலு குடம். சரி. ரெண்டு, வைத்த வரிசைப்படி தண்ணீர். சரி. மூணு, ஆள் இல்லாத குடத்துக்கு அடுத்த குடத்துக்காரர் பிடித்து வைக்க வேண்டும். நான் கொண்டு வந்த பழக்கம்தான். நாலு, எவருடைய குடத்தையும், குடத்துக்காரரைக் கேட்காமலும் காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமலும், எவரும் வரிசையிலிருந்து எடுக்கக் கூடாது.

நல்ல விதி. இந்தத் தெருவுல ஒருத்தர் குடத்தை ஒருத்தர் தள்ளி விடறது ஜாஸ்தி, அவங்களுக்கு இது வேணும்னு நினைச்சேன். எனக்கு ஏன் அதுல வேலை இருக்கப் போகுது? விதி போடறவ நான். கையெழுத்துப் போட்டேன். முப்பத்திரண்டு வீட்டுலயும் வாங்கினா. பிளாஸ்டிக் உறை போட்டு டேங்க்ல மாட்டினா. அன்னைக்கே அவ நீலக் குடத்தை நானே கொண்டு வந்து வரிசையில வச்சேன். மன்னிக்கற மனசு எனக்கு எப்பவும் உண்டு.

கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அந்த நாலாவது விதி உறுத்த ஆரம்பிச்சுது. ஒருத்தர் குடத்தைத் தூக்கக் கை போகும். உடனே, "என்ன காரணம் தெய்வானக்கா?"ன்னு ஒரு குரல் வரும். காரணம் என்னன்னு யோசிக்கறதுக்குள்ள கோவம் ஆறிப் போயிடும். இப்படியே ஆறு மாசம் ஒரு குடத்தைக் கூட அந்தப் பக்கம் வைக்கல நான். கை நமநமங்குது. அவங்களே சொல்லிக்கிட்டாங்க, தெய்வானக்கா இப்பல்லாம் சாந்தமாயிட்டாங்கன்னு. வயசாயிடுச்சுன்னு ஒருத்தி.

என் ஆறு குடம் மட்டும் ஆறாவே இருந்துச்சு. அதை ஏன் மாத்தணும்? அது அந்தப் பேப்பருக்கு முன்னாலயே இருந்து வந்த வழக்கம்.

போன வைகாசி. ஏரி வத்திக் கிடந்த நேரம். லாரி மூணு நாளைக்கு ஒரு தடவைதான். எங்க வீட்டுல மருமக கோமதிக்குக் குழந்தை பிறந்து மூணு மாசம். ஒரு நாளைக்குப் பதினெட்டுத் துணி. அந்த ஞாயித்துக்கிழமை மதியம் ஒண்ணரை மணிக்கு ரஹமத் தெருமுனையிலிருந்து ஓடி வர்றா, முக்காடு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்.

"எல்லாரும் வாங்க! வேம்புலி டீக்கடைக்குப் பின்னால வந்து பாருங்க! ரெண்டு பச்சைக் குடம்! போன லோடு தண்ணி, தளும்பத் தளும்ப!"

பார்த்திருப்பா. இருக்கும். நான் இல்லைன்னு சொல்லலையே. ரெண்டு வருஷமா ரெண்டு குடம் வேம்புலிக்குக் கொடுத்துட்டு வர்றேன். பதிலுக்குக் காலையில ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ. இவ்வளவு பெரிய தெருவைச் சம்பளமில்லாம மேய்க்கறவளுக்கு ரெண்டு டீ அதிகமா?

ஆனா நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள நாலு பொம்பளைங்க வரிசையில நின்ன என் மீதி நாலு குடத்தையும் தூக்கிட்டாங்க. கம்பத்துக்கு அந்தப் பக்கம். ஒண்ணு உருண்டு சாக்கடை ஓரமாப் போய் நின்னுச்சு. என் குடங்க! பத்தொன்பது வருஷத்துல என் குடம் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்ல. அங்கேயிருந்து பார்த்தா டேங்க் எவ்வளவு தூரமா இருக்கு தெரியுமா?

கத்தினேன். முதல் நாள் போட்டேனே, அதே சத்தம். ஒருத்தர் கூட நிக்கல.

"ஒரு மாசம்!"ங்கறா ரஹமத். "ஒரு மாசம் அங்கேயே கிடக்கட்டும். நீங்க எங்களை வச்சீங்க இல்ல?"

"வீட்டுல பச்சைக் குழந்தை இருக்குடி!"

"பிலோமினா வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் இருந்தாரே, அப்போ?"

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. கோமதி குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறா. எங்க வீட்டுக்காரர் முனிரத்தினம், லேத் பட்டறையில முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர், பேப்பர் படிக்கறார். தெருவுல பெண்டாட்டி குடம் உருளுது, அவர் ராசிபலன் படிக்கறார்.

அப்போதான் பிலோமினா வெளிய வந்தா. ஞாயித்துக்கிழமையாச்சே, ஆபீஸ் லீவு. தலையில ஈரத்துண்டு கட்டியிருக்கா. சரி, செத்தோம்னு நினைச்சேன். நேரா டேங்க்கிட்ட போனா. பேப்பரைக் கழட்டினா. "நாலாவதை யாராவது சத்தமாப் படிங்க"ன்னா.

ஆளாளுக்குப் பக்கத்துல இருக்கறவங்களைக் கையைக் காட்டினாங்க. அவளே படிச்சா. அப்புறம், "அக்காவைக் கேட்டீங்களா?"ன்னு கேட்டா.

"எதைக் கேக்கறது?"ன்னு ரஹமத் பாயறா. "குடம் அங்கே இருக்கு, பெயிண்ட் பச்சை, டீ குடிச்சவங்க இங்கே நிக்கறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதைக் கேக்க என்ன இருக்கு?"

"தெரிஞ்சிருந்தாலும் கேக்கணும், ரஹமத்."

"உனக்கு வெக்கமா இல்ல? பதினோரு நாள் உன் குடத்தை வெளிய வச்சவங்களுக்குப் போய் வக்காலத்து வாங்கறியே!"

"அந்தப் பதினோரு நாள் என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதனாலதான் சொல்றேன்."

பார்த்தீங்களா? எவ்வளவு பழசை மனசுல வச்சிருக்கான்னு! நான் எப்பவோ மறந்துட்டேன்.

குடத்தை இந்தப் பக்கம் கொண்டு வந்து வச்சாங்க, விசாரிக்கற வரைக்கும். அதுக்குள்ள லாரி வந்து டேங்கை நிரப்பிட்டுப் போயிடுச்சு. டேங்க் நிறையத் தண்ணி, குழாயைத் திறக்க ஆள் இல்ல. ரஹமத் அடுப்புல சோறு. "சீக்கிரம் பேசி முடிங்கக்கா, குழைஞ்சிடும்"ங்கறா.

நான் ஏன் சீக்கிரம் முடிக்கணும்? கேக்கணும்னு விதி இருக்கு. முதல் லாரியிலிருந்து ஆரம்பிச்சேன். யார் யார் முடி யார் யார் கையில இருந்துச்சுன்னு பேர் பேராச் சொன்னேன். எந்த வருஷம் எந்த டிரைவர், யாருக்கு வடாம் பொரிச்சுக் கொடுத்தேன், யார் கால்ல விழாத குறையா லோடு வாங்கினேன், எல்லாம் சொன்னேன். முக்கால் மணி நேரம். பிலோமினா ஒரு தடவை கூடக் குறுக்கே பேசல. அடுத்தவங்க பேசினா, "அவங்க முடிக்கட்டும்"னு கையைக் காட்டினா. பத்தொன்பது வருஷத்துல அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு நான் பேசறதை முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான். கத்தினப்போ நிப்பாங்க, ஆனா கேட்டாங்களான்னா, தெரியல.

வேம்புலியைக் கூப்பிட்டாங்க. "ஆமாங்க, தினம் ரெண்டு டீ"ன்னான். அதோட நிறுத்தியிருக்கலாம். "சாயங்காலம் ஒரு மசால் வடையும்"னான். தெருவே சிரிச்சுது. ஜன்னல்ல சூசைநாதன் கூட.

"சரி, கேட்டாச்சு. இப்போ ஒரு மாசம் வெளிய"ன்னா ரஹமத்.

"வீட்டுக்கு நாலு குடம்னு விதி. அந்த ரெண்டு குடத்தையும் எடுத்துடலாம்"னா பிலோமினா. "மீதி நாலு அவங்களுது. அதை ஒரு மாசம் வெளிய வைக்கலாம்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க."

"இவங்க வச்சாங்களே! எந்த வரியைப் பார்த்து வச்சாங்க?"

"அதை நிறுத்தத்தானே எழுதினோம்."

ரஹமத்துக்கு அழுகையே வந்துடுச்சு. "அப்போ இவங்க பண்ணதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"தண்டனை வேணும்னா இன்னைக்கு எழுதுவோம். நாளையிலிருந்து செய்யறவங்களுக்கு."

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் தாங்கல. என் நாலு குடமும் நின்ன இடத்துலயே நின்னுச்சு. பார்த்தீங்களா, ஒரு தெருவே சேர்ந்தும் என் குடத்தை அசைக்க முடியல! நான் கையெழுத்துப் போட்ட விதி ஆச்சே. அதுல இருக்கற பலம் அப்படி.

ஆனா பிலோமினா அதோட விடல. ஆறாவதா ஒரு விதி: வெளியாளுக்குத் தண்ணி கொடுத்தா அன்னைக்கு அவங்க குடம் கடைசி. அதோட அஞ்சாவது விதியை மாத்தணுமாம். மேற்பார்வை வாரம் ஒரு வீடு, முறை வச்சு. திருமதியும் இல்ல, அம்மாளும் இல்ல. சம்மதம் இருக்கறவங்க கையைத் தூக்குங்கன்னா. அதுக்கு முன்னால, வீட்டுக்கு ஒரு கையா, ஆளுக்கு ஒரு கையான்னு கேட்டா.

நான் முந்திக்கிட்டேன். "ஆளுக்கு ஒண்ணு! ஒவ்வொருத்தரும் ஒரு ஆள் இல்லையா? அவங்கவங்களுக்கு மனசு இல்லையா?" சும்மா சொல்லல, கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். எங்க வீட்டுல நானு, வீட்டுக்காரர், பையன், மருமக. நாலு பேர். பிலோமினா வீட்டுல அவ ஒருத்திதான் எழுந்து வர முடியும். ஆளுக்கு ஒண்ணுன்னா நமக்குத்தானே லாபம்? அவளும் உடனே, "அக்கா சொல்றதுதான் சரி"ன்னுட்டா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

அறுபத்தோரு பேர் இருந்தாங்க தெருவுல. மாத்தணும்னு சொன்னவங்க ஐம்பத்தொன்பது.

கோமதி கை முதல்ல போச்சு. குழந்தையை இடுப்புக்கு மாத்திக்கிட்டுத் தூக்கினா. பையன் அவளைப் பார்த்துட்டுத் தூக்கினான். எங்க வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சு வச்சிட்டுத் தூக்கினார். அவர் தலை சொறியத்தான் கையைத் தூக்கியிருப்பார், மறுபடி எண்ணுங்கன்னு சொன்னேன். மறுபடி எண்ணினாங்க. அது என் உரிமையாம், பிலோமினாவே சொன்னா. சொறியல. தூக்கித்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன்யா இப்படிப் பண்ணேன்னு. "ரெண்டு வருஷமா வடை தின்னிருக்க. ஒரு நாள் ஒரு விள்ளல் கொண்டு வந்தியா?"ங்கறார்.

வேண்டாம்னு சொன்ன கை ரெண்டு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு எங்கேயிருந்துன்னு எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. ஜன்னல் கம்பிக்கு வெளிய ஒரு கை. சூசைநாதன். "படுத்திருக்கறவன் கையும் கைதானே?"ன்னார். "தினம் ஜன்னல்ல இந்த அம்மா போடற சத்தத்துலதான் எனக்கு விடியுது. அது போயிடுச்சுன்னா எனக்குப் பொழுது போகாது." பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பி எண்ணினா. அப்புறம், "வேண்டாம், ரெண்டு"ன்னு எழுதிக்கிட்டா. அந்த மனுஷனுக்காவது நியாயம் தெரிஞ்சிருக்கு.

இப்ப வாரம் ஒரு வீடு பார்த்துக்குது. இந்த வாரம் ரஹமத். அவளுக்கு ஒழுங்கும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. செவ்வாய்க்கிழமை என் குடத்தை ரெண்டு இடம் தள்ளி வச்சா. விட்டேனா? நேரா டேங்க்கிட்ட போனேன். "நாலாவது விதி. காரணத்தை எல்லார் முன்னாலயும் சொல்லு"ன்னேன். லாரிக்காரர் கூட எஞ்சினை அணைச்சிட்டுக் கேட்டார். குடம் திரும்ப இடத்துக்கு வந்துச்சு. இந்தத் தெருவுல நாலாவது விதியை என்னைவிட அதிகமாப் படிச்சவங்க யாரும் கிடையாது. நாளுக்கு ஒரு தடவை படிக்கறேன்.

அதோ உங்க வீட்டுக்காரர் வர்றார். சாவி கிடைச்சிடுச்சு போல. சீக்கிரமாச் சொல்லிடறேன். வர்ற ஞாயிறு கூட்டம் இருக்கு. மேற்பார்வைக்கு நிரந்தரமா ஒரே ஆளைப் போடணும், அதுவும் அனுபவம் உள்ளவங்களாப் பார்த்துப் போடணும்னு நான் ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். நீங்க வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிட்டீங்கன்னா, ரெண்டு பேருக்கும் ரெண்டு கை உண்டு. ஆளுக்கு ஒண்ணு. அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கட்டாயம் இல்லைங்க, உங்க மனசுல என்ன படுதோ அப்படித் தூக்குங்க. ஆனா இவ்வளவு நேரம் நிழல்ல நிக்க வச்சு விஷயம் சொன்னது யாருன்னு மட்டும் நினைச்சுக்கோங்க.

தீர்மானம் இதோ, இடுப்புலயே வச்சிருக்கேன். பிரிச்சுப் பாருங்க, எவ்வளவு அழகா டைப் அடிச்சிருக்கு! பிலோமினாதான் அடிச்சுக் கொடுத்தா. நான் வாயால சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாத்தாம அடிச்சா. அவளுக்கு எதிரா அவளையே அடிக்க வச்சேன் பாருங்க. அது கூடப் புரியல அவளுக்கு, பாவம். தனக்கு ஒண்ணு வேணும், எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிரதி எடுத்து, "ஞாயித்துக்கிழமை நல்லாப் பேசுங்கக்கா"ன்னு சொல்லி அனுப்பறா.